புதுச்சேரியில் ஒரு ‘நிறுவனக் கற்றல்’ சேவை: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்

வெளிநாட்டு நிதியைக் கொண்டு வளர்ச்சிப் பணி செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு ‘அறிவு மேலாண்மை’, ‘நிறுவனக் கற்றல்’ என்னும் பெயர்களில் உதவ முன்வரும் ஆலோசனைக் குழுக்கள் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் சில உள்ளன. அவற்றுள் ஒன்றின் சேவையைக் கடலூரில் நான் பணிபுரியும் நிறுவனம் ஓராண்டு ஒப்பந்தத்தில் பெற்றது. இலாசுப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இயங்கும் சிறிய குழு அது. அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. எங்கள் துறையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். குறை ஒன்றை எழுதினால் பெயர் மட்டும் நினைவில் தங்கிக் காரணம் மறந்துபோகும். இதே வகையான சேவையை வாங்க எண்ணும் நிறுவனங்கள் எந்தப் பகுதிக்குப் பணம் கொடுக்கலாம், எந்தப் பகுதியைத் தவிர்க்கலாம் என்று முடிவெடுக்க இந்த மதிப்புரை பயன்பட்டால் போதும்.

இப்படியொரு சேவை ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கடலூர் மாவட்டத்தின் கடந்த இருபது ஆண்டுகளே விடை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது, அதன் பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் நிதி வந்தது, ஆள் எடுத்தார்கள், பயனாளிப் பட்டியல் எழுதினார்கள், இறுதி அறிக்கை அனுப்பினார்கள்; திட்டக் காலம் முடிந்ததும் அந்த ஆட்கள் வேறு மாவட்டத்துக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டார்கள். அடுத்த பேரிடரில் அதே ஊருக்குப் போன புதிய களப்பணியாளர், அதே தெருவில், அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். ஊர் மக்களுக்கு இதில் சலிப்பு ஏற்பட்டு வெகுகாலமாகிறது. எங்களுக்குத்தான் அது தாமதமாக உறைத்தது.

குழு விற்கும் சேவையில் நான்கு பகுதிகள் உள்ளன. புதிய திட்டம் ஒன்றை எழுதுவதற்கு முன், அதே வேலையை முன்பு செய்தவர்களைக் கூட்டிப் பேசவைக்கும் முன்கூட்டம் முதலாவது. ஒரு வேலை முடிந்த கையோடு அதைச் செய்தவர்களே அமர்ந்து மீளாய்வு செய்வது இரண்டாவது. பணியிலிருந்து விலகுபவர், ஓய்வு பெறுபவர் ஆகியோரின் அனுபவத்தைப் பதிவு செய்வது மூன்றாவது. இவை அனைத்தையும் சேர்த்து வைக்கும் இணைய ஆவணத் தளம் நான்காவது. இவற்றுக்கு முன்னுரையாக ஓர் அறிமுக வகுப்பும் உண்டு.

அறிமுக வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறிவு மேலாண்மையின் வரலாற்றைத் திரையில் காட்டினார்கள். உலக வங்கியின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபன்சன் 1996இல் அந்த வங்கியை ‘அறிவு வங்கி’யாக மாற்றப் போவதாக அறிவித்ததும், ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலையை அடுத்து நடந்த நிவாரணப் பணிகளின் மீதான கூட்டு மதிப்பீட்டைத் தொடர்ந்து 1997இல் மனிதநேய நிறுவனங்கள் தமக்குள் கற்றுக்கொள்வதற்கென்றே அல்நாப் என்னும் வலையமைப்பை உருவாக்கியதும் தெளிவாகவே சொல்லப்பட்டன. வெளிப்படையாக எழுத முடிந்த அறிவுக்கும், செய்து செய்து கையில் படிந்த அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஜப்பானிய அறிஞர் நொனாக்காவின் கட்டங்கள் போட்ட படம் ஒன்று வந்தது. நண்பகல் வெயிலில் பேருந்தில் வந்திருந்த களப்பணியாளர்கள் அதை மரியாதையோடு பார்த்தார்கள். புதுச்சேரியில் அமர்ந்துகொண்டு இதையெல்லாம் பேசும் குழு, பக்கத்திலேயே நடந்த ஒன்றை ஒரே வரியில் தாண்டிப்போனதுதான் எனக்குக் குறையாகப் பட்டது.

அந்தப் பக்கத்து நிகழ்வைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு வில்லியனூரை நடுவாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் அந்த மையம் கோயில் கட்டடத்தில் பெண்களால் நடத்தப்பட்டது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத் தகவலை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி வழியாக அறிவித்தார்கள். ஒவ்வொரு மீனவரும் கணினி முன் அமர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடலுக்குப் போகும் முன் காதில் விழ வேண்டியது விழுந்தது. 2004இல் ஆழிப்பேரலை நெருங்கிய காலையில், சிங்கப்பூரில் இருந்த, நல்லவாடு என்னும் புதுச்சேரி மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகத்தான் மக்கள் கரையை விட்டு ஓடும்படி அறிவிக்கப்பட்டார்கள். தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைவிட, தேவைப்படும் நொடியில் அது யார் காதை எட்டுகிறது என்பதே முக்கியம் என்று கற்பிக்க இதைவிட நல்ல பாடம் இந்த வட்டாரத்தில் கிடையாது. வகுப்பில் அதற்குக் கிடைத்தது ஒரு படம், ஒரு வாக்கியம்.

இனி, பணத்துக்குத் தகுந்த பகுதிகளுக்கு வருகிறேன். ஒப்பந்தத்தின் முழு மதிப்பும் என் பார்வையில் முதல் பகுதியில்தான் இருக்கிறது. ஃபெஞ்சலுக்குப் பின் கெடிலம், தென்பெண்ணை ஆகிய ஆறுகளின் கரையோர ஊர்களிலும் கடலோர ஊர்களிலும் வெள்ளத் தயார்நிலைத் திட்டம் ஒன்றை எழுதும் நிலையில் இருந்தோம். வரைவு தயாராகிவிட்டது, நிதியுதவி நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் பாக்கி. அனுப்புவதற்கு முன் ஒரு நாள் கொடுங்கள் என்று குழு கேட்டது. ஆழிப்பேரலைக் காலத்திலும், தானேயின் போதும், 2015 வெள்ளத்திலும் எங்களோடோ வேறு நிறுவனங்களோடோ களத்தில் நின்றவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள், ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர், ஒருவர் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வரைவைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லி, ‘இதில் எது நடக்காது?’ என்ற ஒரே கேள்வியைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

மூத்த களப்பணியாளரான அக்கா ஒருவர், பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவக் கிராமங்களில் 2005இல் வேலை செய்தவர், உடனே பயனாளிப் பட்டியலைப் பிடித்துக்கொண்டார். “ஊர்ப் பஞ்சாயத்து குடுக்குற லிஸ்ட் பொய் இல்ல சார். ஆனா அது வரி கட்டுற குடும்பத்தோட லிஸ்ட். ஆம்பள இல்லாத வீடு அதுல அரை வரியா இருக்கும், இல்லன்னா இருக்கவே இருக்காது” என்றார். எங்கள் வரைவில் பட்டியலுக்கு ஊர்ப் பஞ்சாயத்தையே நம்பியிருந்தோம். மீன்பிடிக்கச் செல்லும் திருமணமான ஆண்களை வைத்து வரி கணக்கிடும் ஊர்களில், கணவரை இழந்த பெண்கள் தனித்து வாழும் வீடுகளும், ஊருக்கு வெளியே இருக்கும் இருளர் குடியிருப்புகளும் அந்தப் பட்டியலில் எப்படி மறைந்துபோகின்றன என்பதை அந்த அம்மா அரைமணி நேரம் விளக்கினார். ஆழிப்பேரலை நிவாரணத்தில் தலித் மக்களும் இருளர்களும் விடுபட்டது அன்றே பல அறிக்கைகளில் பதிவான செய்திதான். எங்கள் அலமாரியிலேயே அவற்றில் சில உண்டு. ஆனால் வரைவை எழுதிய இளைஞர் அவற்றைப் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் வரி என்பதன் நுட்பம் அந்த ஆங்கில அறிக்கைகளில் ஒரு துணை வாக்கியமாகத்தான் வந்திருக்கும். அன்று மாலையே பட்டியல் முறை மாற்றப்பட்டது: அடுப்பு ஒன்றுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் வீடுவீடாக எடுப்பது, பஞ்சாயத்துப் பட்டியலோடு பிறகு ஒப்பிடுவது, விடுபட்ட பெயர்களை ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களான நாட்டார்களின் முன்னிலையிலேயே பேசித் தீர்ப்பது.

இன்னொருவர் எச்சரிக்கை முறையைக் கேள்வி கேட்டார். வரைவில் எல்லாமே வாட்ஸ்அப் குழுக்களை நம்பியிருந்தன. ஃபெஞ்சல் இரவில் மின்சாரம் போய், கைபேசிக் கோபுரமும் அடங்கிய பிறகு எந்தக் குழுவில் எந்தச் செய்தி வந்தது என்று அவர் கேட்டபோது அறையில் யாரும் பதில் சொல்லவில்லை. மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி திட்டத்துக்குள் வந்தது இப்படித்தான். நல்லவாட்டை நினைவூட்டியவர் வகுப்பெடுத்த ஆலோசகர் அல்லர். பூரணாங்குப்பத்திலிருந்து வந்திருந்த மளிகைக் கடைக்காரர்.

இந்த முறையைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் குழு உரிமை கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலை தொடங்கும் முன் சகாக்களை அழைத்து உதவி கேட்பது, முடிந்ததும் மீளாய்வு செய்வது ஆகிய இரண்டையும் பிரிட்டிஷ் பெட்ரோலியம் போன்ற நிறுவனங்கள் தொண்ணூறுகளில் பரவலாகப் பயன்படுத்தின. வளர்ச்சித் துறை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. குழு செய்த நல்ல மாற்றம், கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் போக்குவரத்துச் செலவோடு ஒரு நாள் ஊதியத்தையும் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. அனுபவத்தை இலவசமாகக் கேட்டு வாங்குவது எங்கள் துறையின் பழைய பழக்கம். ஆலோசகருக்கு நாள்கட்டணம் கொடுப்போம், அனுபவசாலிக்குத் தேநீர் கொடுப்போம்.

இரண்டாவது பகுதியான மீளாய்வு, தலைமையைப் பொறுத்து வெற்றியோ தோல்வியோ அடைகிறது. அமெரிக்க இராணுவப் பயிற்சியிலிருந்து வந்த முறை இது. என்ன நடக்க வேண்டும் என்று எண்ணினோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்று நான்கு கேள்விகள். கேள்விகள் எளியவை, பதில் சொல்லும் அறைதான் கடினம். இயக்குநர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் அறையில், ‘சார் சொன்னபடி எல்லாம் நன்றாக நடந்தது’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. முதல் மீளாய்வுக் கூட்டம் அப்படித்தான் முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருங்கிணைப்பாளர் எங்கள் இயக்குநரிடம் தனியே பேசி, முதல் ஒரு மணி நேரம் அவர் வெளியே இருக்க வேண்டும், உள்ளே வந்த பின்னும் கடைசியாகத்தான் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதன் பிறகு வந்த பேச்சின் தன்மையே வேறு. உலர் உணவுப் பொட்டலங்கள் ஏன் ஒரு நாள் தாமதமாகப் போயின என்ற கேள்விக்கு, மூன்று கையொப்பங்களுக்காகக் காத்திருந்தோம் என்ற உண்மை பதிலாக வந்தது. அந்தக் கையொப்ப விதி இப்போது அவசர காலத்துக்கு மட்டும் தளர்த்தப்பட்டிருக்கிறது.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதைக் குழு வெளிப்படையாகச் சொல்லவில்லை. இந்த நான்கு கேள்விகளும் ‘திட்டமிட்டதை எப்படி இன்னும் நன்றாகச் செய்வது’ என்பதற்கு விடை தருகின்றன; ‘திட்டமிட்டதே சரியா’ என்பதைத் தாமாகக் கேட்பதில்லை. கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் இருவரும் 1978இலேயே நிறுவனக் கற்றலில் இந்த இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். எங்கள் கடற்கரையில் இதற்குப் படகுகளே சான்று. ஆழிப்பேரலைக்குப் பின் படகு கொடுப்பதில் நிறுவனங்களுக்கிடையே போட்டி ஏற்பட்டது. கட்டுமரம் வைத்திருந்தவர்களுக்கும் ஃபைபர் படகு. பல இடங்களில் முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள். அவற்றில் தரமற்றவையும் கலந்திருந்தன. அன்று ஒவ்வொரு நிறுவனமும் நடத்தியிருக்கக்கூடிய மீளாய்வு, படகை விரைவாக எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியதாகவே இருந்திருக்கும். கடலில் இத்தனை படகுகளுக்கு மீன் இருக்கிறதா, கரையில் மீன் விற்கும் பெண்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்க வேறொரு மேசை தேவைப்பட்டது. 2006இல் வெளியான ஆழிப்பேரலை மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் தொகுப்பறிக்கை, உள்ளூர் மக்களின் திறனைப் பன்னாட்டு நிறுவனங்கள் புறந்தள்ளின என்று கடுமையாகவே எழுதியது. கடிந்து எழுதப்பட்ட அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அடுத்த முறை அதே அறையில் இருப்பதில்லை.

இந்த இரண்டாம் நிலைக் கேள்வியைக் குழு நன்றாகக் கையாண்ட ஒரே இடம் பிச்சாவரம். வகுப்பறையை விட்டு எங்களைப் படகில் அழைத்துச் சென்றார்கள். சுற்றுலாப் படகில் அல்ல, கிள்ளைப் பக்கத்து மீனவர் ஒருவருடைய படகில். பிச்சாவரம் அலையாத்திக் காடு ஏன் அழிந்தது என்பதற்கு முன்பு எல்லாரும் சொன்ன காரணம், சுற்றியுள்ள மக்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்பதாகும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளில் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டி எடுத்ததால், வெயில் நேரடியாகப் பட்ட மண் காய்ந்து தாழ்ந்து தொட்டி போல் குழிந்துவிட்டது. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு செறிந்தது. அதில் எந்தச் செடியும் முளைக்கவில்லை. காரணம் மாறியதும் வேலையும் மாறியது. மக்களைத் தடுக்க வேலி போடுவதற்குப் பதிலாக, மீன்முள் அமைப்பில் ஒரு பெரிய கால்வாயும் இருபுறமும் சரிந்து சேரும் கிளைக் கால்வாய்களும் வெட்டி, ஏற்ற இறக்க நீர் போய்வர வழி செய்தார்கள். குற்றவாளிகளாகக் கருதப்பட்ட மக்களே குழு அமைத்து அந்த வேலையைச் செய்தார்கள். இந்தியா–கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் ஆதரவும் அதற்கு இருந்தது. நட்ட செடிகளின் எண்ணிக்கையை மட்டும் மீளாய்வு செய்துகொண்டிருந்தால் இந்தக் காரணம் வெளிவந்தே இருக்காது.

படகிலேயே ஒருங்கிணைப்பாளர் பாடத்தின் அடுத்த பாதியையும் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின், அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 2005இல் சயன்ஸ் இதழில் கடலூர் மாவட்டத் தரவுகளைக் கொண்டு ஒரு கட்டுரை வந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் இப்பகுதியின் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து அதே கருத்தை முன்வைத்தார்கள். 2006இல் வேறு ஆய்வாளர்கள் அதே 18 ஊர்களின் தரவை மறுபடி கணக்கிட்டு, இறப்பு எண்ணிக்கை வேறுபட்டதற்கு ஊர் எவ்வளவு மேட்டில் இருக்கிறது, கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற இரண்டுமே பெரும்பாலும் போதிய விளக்கம் என்று எழுதினார்கள். ‘மரம் காக்கும்’ என்ற சுருக்கப்பட்ட பாடம் மட்டும் திட்டங்களுக்குள் நுழைந்து, உலக வங்கிக் கடனுதவித் திட்டத்திலும் பிறவற்றிலும் கடற்கரை நெடுகச் சவுக்கு நடப்பட்டது. மேட்டு நிலத்தில் வீடு, வெளியேறும் பாதை என்ற அலுப்பூட்டும் பாடத்துக்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. ஒரு நிறுவனம் ‘கற்றுக்கொண்ட பாடம்’ என்று எழுதி வைப்பதற்கு முன் அந்தப் பாடம் எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை இந்த ஒரு பயணம் எங்களுக்குத் தந்தது.

மூன்றாவது பகுதியான அனுபவப் பதிவு, செய்யும் ஆளைப் பொறுத்தது. குழு முதலில் அனுப்பிய இளைஞர் அச்சிட்ட வினாத்தாளோடு வந்து, ஓய்வு பெறவிருந்த எங்கள் மேற்பார்வையாளரை அலுவலகத்தில் அமர்த்தி, ‘உங்கள் பணிக்காலத்தில் கற்றுக்கொண்ட முக்கியப் பாடங்கள் யாவை?’ என்று கேட்டார். அவர் பணிவோடு, பள்ளிக்கூடக் கட்டுரை எழுதுவதைப் போல மூன்று பாடங்களைச் சொன்னார். குழுவின் மூத்தவர் அதைக் கேட்டுவிட்டு முறையை மாற்றினார். மேற்பார்வையாளரோடு தாழங்குடாவுக்கு நடந்தே போனார்கள். தென்பெண்ணை கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, இதை ஊர்க்காரர்கள் எந்த மழைக்கு முன் வெட்டிவிடுவார்கள், யார் சொன்னால் வெட்டுவார்கள், பொதுப்பணித் துறைக்கு எப்போது சொல்ல வேண்டும், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று அவர் பேசிக்கொண்டே வந்தார். அந்த ஒலிப்பதிவு இப்போது எங்கள் புதிய பணியாளர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. இந்தப் பகுதியை வாங்குவோர், யார் வருவார் என்று பெயரைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

நான்காவது பகுதியான ஆவணத் தளத்தைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. நிதியுதவி நிறுவனங்களுக்குக் காட்ட அழகாக இருப்பதும் அதுதான். தளத்தில் எங்கள் இருபது ஆண்டு அறிக்கைகளை ஏற்றினார்கள். தேடினால் கிடைப்பதில்லை. காரணம் எளியது: 2010க்கு முன் நாங்கள் தமிழில் தட்டச்சு செய்தவை பாமினி, வானவில் என்னும் பழைய கணினி எழுத்துருக்களில் இருக்கின்றன. அவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லாததால் ‘வெள்ளம்’ என்று தேடினால் தளத்துக்கு அது தெரியாது. மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். மாற்றியவற்றில் ஒற்றுகளும் கொம்புகளும் இடம் பெயர்ந்து, பெயர்ப் பட்டியல்கள் படிக்க முடியாதவையாயின. கையெழுத்தில் இருந்த களநாட்குறிப்புகளை, அதாவது உண்மையில் பயன்படக்கூடியவற்றை, ‘இரண்டாம் கட்டத்தில்’ பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஏற்றினால் மட்டும் யார் படிக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. உலக வங்கியே 2014இல் தன் கொள்கை அறிக்கைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 31 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஒருமுறைகூடப் பதிவிறக்கப்படவில்லை என்றும் ஏறத்தாழ 87 விழுக்காடு எங்குமே மேற்கோள் காட்டப்படவில்லை என்றும் கண்டது. அறிவு வங்கி என்று அறிவித்துப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அத்தனை பணமும் ஆளும் இருந்தும் நிலை இது. கடலூரில் நான்கு அறைகளில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் தளம் வேறு விதமாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. தளம் யாருடைய வழங்கியில் (சர்வரில்) இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமையான யூஎஸ்எய்டின் இணையதளம் ஒரே நாளில் மறைந்தபோது, அதில் இருந்தவற்றை நம்பியிருந்தவர்கள் தங்கள் கணினியில் பிரதி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஒப்பந்தத்தில், சந்தா நின்றால் ஆவணங்கள் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்ற விதியே இல்லை. அதைக் கேட்டு எழுதி வாங்கக் கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டது.

இன்னொரு குறையும் உண்டு, அது குழுவுக்கு மட்டும் உரியதன்று. எல்லாக் கற்றலும் நிறுவனத்துக்குள்ளேயே நடந்தது. முன்பு வேலை செய்தவர்களை அழைத்தார்களே தவிர, வேலை யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களை அழைக்கவில்லை. சிங்காரத்தோப்பிலும் சாமியார்பேட்டையிலும் உள்ள பெண்களுக்கு, இருபது ஆண்டுகளில் எந்த நிறுவனம் வந்தது, எதைச் சொன்னது, எதைச் செய்தது என்பது எங்கள் அலமாரியைவிட நன்றாக நினைவிருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் தார் அட்டைத் தற்காலிகக் குடியிருப்புகளில் அந்தக் கோடையை எப்படிக் கழித்தார்கள் என்பதை அவர்கள் சொல்லக் கேட்டால் அடுத்த தற்காலிகக் குடியிருப்பின் கூரையைப் பற்றி ஆலோசகர் தேவைப்படாது. இதைச் சுட்டிக்காட்டியபோது, அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்றார்கள். முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டியது அது. தன் தோல்விகளை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடும் வழக்கத்தைக் கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008இல் தொடங்கியது. இங்கே தோல்வியை அறிந்தவர்கள் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அறிக்கை எழுதக்கூடத் தேவையில்லை, போய்க் கேட்டால் போதும்.

கட்டணத்தைப் பற்றி. ஓராண்டுக் கட்டணம் ஏறத்தாழ ஒரு களப்பணியாளரின் ஆண்டுச் சம்பளம். அதில் ஆவணத் தளத்தைக் கழித்தால் பாதிக்கும் கீழே வரும். கழித்துத் தர மறுக்கவில்லை, ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்த பின், இத்தகைய செலவு எந்தத் தலைப்பில் போகும் என்பதைத் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். களப்பணியாளர் பயிற்சியாகக் காட்டக்கூடிய பகுதி எது, ஆலோசனைக் கட்டணமாக நிர்வாகத்தில் சேரும் பகுதி எது என்று விலைப்பட்டியலிலேயே பிரித்துத் தரும்படி குழுவைக் கேளுங்கள், தருகிறார்கள். பெற்ற வெளிநாட்டு நிதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றக்கூடாது என்ற விதியும் அதே திருத்தத்தில் வந்துவிட்டதால், சிறு நிறுவனங்கள் பெரிய நிறுவனத்தின் பணத்தில் இந்தச் சேவையைப் பங்கிட்டுக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. கற்றல் மிகவும் தேவைப்படுபவர்களுக்கு அது எட்டாமல் போவது இப்படித்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: முன்கூட்டம், மீளாய்வு, அனுபவப் பதிவு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அறிமுக வகுப்புக்குப் பதிலாகப் பிச்சாவரப் பயணத்தைக் கேளுங்கள், ஆவணத் தளத்தை விட்டுவிட்டு, களநாட்குறிப்புகளை ஊர்வாரியாகப் பிரித்து ஒரு அலமாரியில் வைத்து, சாவியை நீண்ட நாள் இருக்கப்போகும் ஒருவரிடம் கொடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த நாளும் குறிக்காதீர்கள்; மழை வந்தால் இரு தரப்பு ஆட்களும் களத்தில்தான் இருப்பார்கள். முன்கூட்டத்துக்கு வரும் பழைய பணியாளர்களை அழைக்கப் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பொருத்தமானவை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீனவர்களும் கரையில் இருப்பார்கள் என்பதால், அவர்களையும் சேர்த்து அழைக்கும் கூட்டத்தை அந்த அறுபத்தொரு நாள்களுக்குள் வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நாங்கள் புதுப்பித்த ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.